முதல் வரியில் உட்கார்ந்திருந்தவர்

மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை, இதோடு பதினோராவது தடவை இந்த ப்ரோகிராம் பக்கத்தைப் படித்தாகிவிட்டது, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, எல்லாம் சரியாக இருப்பதுதான் தொல்லை, தப்பு கண்ணில் பட்டால் அடித்துத் திருத்திவிட்டு டீ குடிக்கப் போகலாம், தப்பே இல்லாத இடத்தில் எதை அடிப்பது. மணி பத்து இருபது. பன்னிரண்டு மணிக்கு, சர்வரைப் பார்த்துக்கொள்ளும் இசக்கிராஜ் என்னுடைய வரியைத் தூக்கிவிடுவான். தூக்கிவிடுவேன் என்று அவன் கடுமையாகச் சொல்லவில்லை, கடுமையாகச் சொல்லியிருந்தால் நானும் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன், பன்னெண்டு மணிக்கு எடுத்துருதேன்க்கா, தப்பா நெனைக்காதீய, பால் கம்பெனிக்காரங்க கேக்காவ என்றான், இருபத்தொன்பது வயதில் இவ்வளவு பணிவு ஒரு பையனுக்கு ஆகாது, அந்தப் பணிவுதான் சுடுகிறது. கீழே டயர் கடையில் யாரோ ட்யூப்பைச் சூடு காட்டி ஒட்டுகிறார்கள், ரப்பர் வாசம் மாடி ஏறி வருகிறது, பாளையங்கோட்டையில் இந்த ஒரு கட்டடத்தில்தான் வெப்சைட்டும் டயரும் ஒரே மூச்சில் பஞ்சர் ஆகும் என்று சேர்ந்த முதல் நாள் வீட்டில் சொல்லிச் சிரித்தேன், இப்போது சிரிப்பு வரவில்லை. என் வரி இருபத்திரண்டாவது வரி. அதில் என்ன குறை. மாடு வளர்ப்பவர்கள் டாக்டரைக் கூப்பிடுவதற்காக ஒரு வெப்சைட், பால் கம்பெனிக்காக நாங்கள் செய்தது, செல்போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து லாகின் செய்து ஊரைச் சொன்னால் அந்த ஊர் டாக்டருக்குச் செய்தி போகும். அது மூன்று வருஷமாக நன்றாகத்தான் ஓடுகிறது. லாகின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு, பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு, மிஸ்டு கால் கொடுத்தால் போதும், பால் கம்பெனியில் பதிந்த நம்பரை வைத்தே ஊரைப் பார்த்து டாக்டர் வருவார் என்று புதிதாக ஒரு வழி போட்டோம், போட்டோம் என்ன, போட்டேன், நான் போட்டேன், மூன்று மாதத்தில் எனக்கென்று கொடுத்த ஒரே வேலை அது. திங்கட்கிழமை திறந்துவிட்டோம். இன்று வியாழன். இதுவரை மிஸ்டு காலுக்கென்று ஒரு டாக்டரும் ஒரு வீட்டுக்கும் போகவில்லை.

வாசல் பட்டியல் என்று நானாக ஒரு பெயர் வைத்திருக்கிறேன், இவர்கள் ரூட்டிங் ஃபைல் என்கிறார்கள், கல்யாண வீட்டு வாசலில் பெரியப்பா சித்தப்பா மாமா என்று வரிசையாக நிற்பார்களே அது மாதிரிதான், வருகிறவரை முதலில் நிற்பவர் பார்ப்பார், நம்ம ஆள் என்றால் கையைப் பிடித்து அழைத்துப் போய்விடுவார், இல்லையென்றால் அடுத்தவரிடம் அனுப்புவார், முன்னால் நிற்பவர் கூட்டிக்கொண்டு போய்விட்டால் பின்னால் நிற்பவருக்கு அப்படி ஒருவர் வந்ததே தெரியாது. வருகிறவருக்குப் பெயர் ரிக்வெஸ்ட். நிற்பவருக்குப் பெயர் ஹேண்ட்லர். இருபத்திரண்டாவதாக நிற்பவர் என்னுடைய ஆள், மிஸ்டு கால் யார் வந்தாலும் என்னிடம் அனுப்புங்கள் என்று கையை நீட்டிக்கொண்டு நான்கு நாளாக நிற்கிறார், ஒருவரும் வரவில்லை. வருகை எழுதுகிற நோட்டு ஒன்று உண்டு, லாக் என்பார்கள், அதிலும் ஒரு மிஸ்டு கால் கூட இல்லை, வரவே இல்லை என்கிறது நோட்டு. மிஸ்டு கால்களை வாங்கி எங்களுக்குத் தள்ளிவிட்டு, நாங்கள் சொல்லும் பதிலை அழைத்தவருக்கு மெசேஜாக அனுப்பும் சென்னைக் கம்பெனியிடம் கேட்டால் அனுப்பினோம், நீங்களும் பதில் கொடுத்திருக்கிறீர்கள் என்கிறார்கள், பொய், பச்சைப் பொய் என்று நினைத்தேன், நினைத்ததோடு விட்டேனா, செவ்வாய்க்கிழமை அவர்களுக்கு ஒரு மெயில் எழுதினேன், உங்கள் வேலையை நீங்கள் ஒழுங்காகப் பார்த்தால் எங்கள் வேலையை நாங்கள் பார்ப்போம் என்று. என்ன திமிர். பதினோரு வருஷம் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தவளுக்கு மூன்றாம் மாதத்திலேயே வந்த திமிர். அந்தப் பதினோரு வருஷத்தை இன்டர்வியூவில் ஆவுடையப்பன் சார் ஒரு வார்த்தை கேட்கவில்லை, கம்பெனி அவருடையது, அவர் கேட்கலாம், கேட்காமல் மூன்று மாசம் பாப்போம்மா என்றார், அந்த மூன்று மாசம் சனிக்கிழமையோடு முடிகிறது. பாப்போம் என்றால் என்ன பார்ப்பார். நாற்பத்து மூன்று வயதில் ஒருத்தி நான்கு நாளாக ஒரே பக்கத்தைப் படிப்பதைப் பார்ப்பார். நான் போட்ட ஒரே வரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னை மட்டும் எதற்கு வைத்திருக்க வேண்டும், நானாக இருந்தாலும் வைத்திருக்க மாட்டேன். என் கம்ப்யூட்டரில் ஓட்டினால் ஓடுகிறது. இருபது தடவை ஓட்டிவிட்டேன், இருபது தடவையும் டாக்டர் வருகிறார், டாக்டர் வருகிறார் என்று கிளி மாதிரி சொல்கிறது. எனக்கு ஓடுகிறது, அவர்களுக்கு ஓடவில்லை, அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், என்னிடம் மாடு இல்லை என்பதைத் தவிர. பால் கம்பெனி ஆட்கள் கேட்டு எழுதி அனுப்பிய புகார்ப் பட்டியலை எடுக்கிறேன், பதினான்கு புகார், பதினான்கிலும் ஒரே வாசகம், மிஸ்டு கால் குடுத்தேன் டாக்டர் வரல, ஆறாவது புகாரில் மட்டும் கூடுதலாக மூன்று சொல், கன்னுக்குட்டி செத்துப் போச்சு. அதைப் பார்க்காமல் தாண்டித் தாண்டித்தான் மூன்று நாளாகப் படித்திருக்கிறேன். புகார் சொன்ன ஒருவரிடமாவது நாங்கள் யாராவது பேசினோமா. பேசவில்லை. நோட்டைப் படித்தோம், மெயிலைப் படித்தோம், ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டோம். கடைசிப் புகார் இன்று காலை எட்டே காலுக்கு, பேச்சித்தாய், மானூர்ப் பக்கம் ஒரு ஊர். நம்பரைச் சுற்றுகிறேன், எனக்கு ப்ரோகிராமில் பயம் கிடையாது, மனுஷர்களிடம் பேசத்தான் பயம்.

"ஆரு பேசுதீய?"

"பால் கம்பெனி வெப்சைட்ல இருந்து பேசுறேம்மா. எமீமான்னு பேரு. டாக்டருக்கு மிஸ்டு கால் குடுத்தீங்களா?"

"அஞ்சு மணிக்குக் குடுத்தேன், எட்டு மணிக்குக் குடுத்தேன், இப்பமும் ஒண்ணு குடுத்தேன். மாடு முக்கிக்கிட்டே கெடக்கு தாயி. ஒத்தக் காலு மட்டும் வெளிய தெரியுது. தலைய காணோம்."

"டாக்டர் இப்ப வந்துருவாரும்மா, நானே கூப்பிடுறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க கால் குடுத்ததும் போன்ல எதுவும் மெசேஜ் வந்துச்சா?"

"வந்துச்சுல்லா. மூணு மட்டமும் வந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாது. பக்கத்து வீட்டு டீச்சர்ட்ட காட்டுனேன். நலம்னு போட்டிருக்குன்னாவ."

"நலமா?"

"நலம். வேற ஒண்ணும் இல்ல. டாக்டரு நலமா இருக்காவன்னு எனக்கு எதுக்குத் தாயி? எம் மாட்டுக்கு நலமில்லன்னுதான கூப்பிடுதேன்."

மானூர் டாக்டர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார், எனக்கு அழைப்பே வரலையே மேடம், நான் சும்மாதான உக்காந்திருக்கேன் என்றார், இதோ கிளம்பிட்டேன் என்றார், வண்டி உதைக்கும் சத்தம் போனிலேயே கேட்டது. அவர் போய்ச் சேர இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஒத்தக் காலு மட்டும் வெளிய தெரியுது. அதை நினைக்காதே, உன் வேலையைப் பார், உனக்குக் கிடைத்திருப்பது ஒரு சொல், அந்தச் சொல்லைத் தேடு. நலம். என் ஹேண்ட்லர் அப்படி ஒரு சொல்லைச் சொல்லாது, அதற்குத் தெரிந்ததெல்லாம் டாக்டர் வருகிறார், டாக்டர் இல்லை இரண்டும்தான். அப்படியென்றால் வேறு யாரோ வாசலில் கையைப் பிடித்திருக்கிறார்கள். சென்னைக் கம்பெனிக்காரன் பொய் சொல்லவில்லை, நாங்கள் பதில் கொடுத்திருக்கிறோம், நாங்கள்தான் கொடுத்திருக்கிறோம், நலம் என்று, மாடு முக்கிக்கொண்டு கிடக்கும்போது, கன்று செத்துக் கிடக்கும்போது, நலம். தேடு. மொத்த ப்ரோகிராமிலும் அந்தச் சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது. ஒரே இடத்தில். எங்கே, எங்கே, அட, வாசல் பட்டியலிலேயே, முதல் வரியிலேயே. நான் மேலிருந்து கீழே படித்தேனே, பதினோரு தடவை படித்தேனே, படித்தேனா, இல்லை, இரண்டாவது வரியிலிருந்து படித்திருக்கிறேன், எல்லோரும் இரண்டாவது வரியிலிருந்துதான் படிப்போம், முதல் வரி பிள்ளையாருடையது. சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தார்கள். இந்தக் கம்பெனியில் எந்த வேலை தொடங்கினாலும் நல்ல நேரம் பார்த்து முதல் ஹேண்ட்லரை ஆவுடையப்பன் சார் தன் கையால் அடிப்பார், பிள்ளையார் சுழி, பிறகு எல்லோருக்கும் லட்டு, அதற்குக் கீழேதான் மற்றவர்கள் எழுத வேண்டும். திரையில் அது மடித்து மூடியே இருக்கும். மூன்று மாதத்தில் முதல்முறையாக அதைப் பிரித்துப் பார்க்கிறேன், அடுத்தவர் வீட்டுப் பூஜை அறைக் கதவைத் திறப்பது போல ஒரு கூச்சம். ஐந்தே வரி. மேலே ஒரு குறிப்பு, பிள்ளையார் சுழி, இதற்கு மேல் எதுவும் எழுதக் கூடாது, நகர்த்தக் கூடாது. கீழே நான்கு வரி, வருகிறவரிடம் லாகின் அடையாளம் இல்லையென்றால் நலம் என்று சொல்லி அனுப்பிவிடு. அவ்வளவுதான். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு இயந்திரம் வந்து கேட்கும், அதற்கு லாகின் கிடையாது, அதற்குப் பதில் சொல்லத்தான் சார் இவரை உட்கார வைத்திருக்கிறார். லாகின் செய்கிற பக்கத்துக்கு வேறு வாசல், அந்தக் காலத்தில் இந்த வாசலுக்கு லாகின் இல்லாமல் வருவது அது ஒன்றுதான். இப்போது பேச்சித்தாயும் லாகின் இல்லாமல் வருகிறாள். அவளுக்கும் அதே பதில். வருகை எழுதும் நோட்டுக்காரர் இரண்டாவது ஆள், ஆகவே முதல் ஆள் திருப்பி அனுப்பியது எதுவும் நோட்டில் ஏறவில்லை. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் ஒரு காவல்காரர் இருந்தார், அம்மாவைச் சேர்த்திருந்தபோது, சீட்டு இல்லாமல் யார் போனாலும் சாப்பிட்டாச்சா, நல்லா இருக்கீங்களா என்று கனிவாகக் கேட்பார், கேட்டுவிட்டு உள்ளே விடமாட்டார், கோபப்படவும் முடியாது அவரிடம்.

எனக்கு ஏன் ஓடியது என்பது இப்போது விளங்கிவிட்டது, விளங்கியதும் சிரிப்பும் அவமானமும் ஒன்றாக வருகிறது, நான் காலையில் வந்து லாகின் செய்தால் செய்ததுதான், மூன்று மாதமாக நான் வெளியே போகவே இல்லை, உள்ளே உட்கார்ந்துகொண்டு கதவு திறந்திருக்கிறது, எல்லோரும் வரலாம் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். லாகவுட் என்ற பட்டன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. அமுக்கினேன். வெளியே வந்துவிட்டேன். இப்போது மிஸ்டு கால் போல ஒரு ரிக்வெஸ்ட்டை நானே அனுப்புகிறேன். நலம். இன்னொன்று. நலம். கண்டுபிடித்துவிட்டேன், நான்தான் கண்டுபிடித்தேன், நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது, பக்கத்து மேஜைக்காரர்கள் பார்க்கிறார்கள், உட்கார். மணி பத்து ஐம்பது. இனி என்ன, ஐந்து வரியை வெட்டி இரண்டு படி கீழே ஒட்ட வேண்டும், இரண்டு விநாடி வேலை. கை ஏன் போகமாட்டேன் என்கிறது. என் பெயர் எமீமா. என் பெயர் வேறாக இருந்தால் இந்நேரம் ஒட்டியிருப்பேன். பிள்ளையாரை நகர்த்தியது யார் என்று கேட்டால் எமீமா என்று பதில் வரும், நேராக என் முகத்துக்கு ஒருவரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், இங்கே எல்லோரும் நல்லவர்கள், கிறிஸ்துமஸுக்கு என் மேஜையில் நட்சத்திரம் கட்டியவர்கள், ஆனாலும் டீக்கடையில் ஒருவன் சும்மா வாய் வார்த்தையாகச் சொல்வான், அவங்களுக்கு அதுல நம்பிக்கை இல்லல்லா, அதான் சட்டுனு தூக்கிட்டாங்க என்று. நம்பிக்கை இல்லையென்று யார் சொன்னது. பத்தாம் வகுப்புப் பரீட்சையில் எனக்கு முன்னால் ஆவுடையம்மாள், பின்னால் நூருன்னிசா, மூன்று பேரும் ஒரே பேனாக்கடையில் வாங்கிய ஒரே நிறப் பேனா, அவள் தாளின் உச்சியில் பிள்ளையார் சுழி போடுவாள், இவள் எழுநூற்று எண்பத்தாறு போடுவாள், நான் சின்னதாக ஒரு சிலுவை போடுவேன், கணக்குப் பரீட்சையன்று பதற்றத்தில் நான் சிலுவை போட மறந்துவிட்டேன், அது நினைவு வந்ததும் கணக்கே ஓடவில்லை, கடைசியில் எழுதிய விடைக்கு மேலே இடம் இல்லாமல் ஓரத்தில் நுணுக்கிப் போட்ட பிறகுதான் ஓடியது. உச்சியில் போடுவது என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதைத் தொட்டு நகர்த்தினால் என்ன தோன்றும் என்றும் தெரியும். அதனால்தான் கை போகவில்லை, பயத்தால் மட்டும் இல்லை. நகர்த்தாமலே விட்டுவிட்டால் என்ன ஆகும். ஒன்றும் ஆகாது. பன்னிரண்டு மணிக்கு இருபத்திரண்டாவது வரி போய்விடும், சனிக்கிழமை நான் போய்விடுவேன், வெப்சைட் பழையபடி ஓடும், பேச்சித்தாய் நாளைக்கும் மிஸ்டு கால் கொடுப்பாள். இசக்கிராஜைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி குனிந்தான்.

"யக்கா, இது கரெக்டுதான். இதான் காரணம். ஆனா அதுல மட்டும் கை வைக்காதீய."

"வைக்காம எப்படிடா சரி பண்றது?"

"ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒருத்தன் நகட்டுனான். அன்னைக்கே சர்வர் படுத்துட்டு."

"அன்னைக்கு எதனால படுத்துச்சு?"

"கரண்டு போச்சு. இன்வெர்ட்டர்ல தண்ணி ஊத்தல."

"தண்ணி ஊத்துற வேலை யாருது?"

"என்னுதுதான்" என்றான், காது சிவந்துவிட்டது. "இருந்தாலும் சார்ட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் செய்வோம்க்கா. உள்ள பால் கம்பெனி மேனேஜர் கூட பேசிட்டு இருக்காவ. பன்னெண்டுக்குதான் வெளிய வருவாவ."

பன்னிரண்டுக்குத்தான் வெளியே வருவார், பன்னிரண்டுக்குத்தான் என் வரியும் வெளியே வரும், இந்த அறையில் எல்லாமே பன்னிரண்டு மணிக்காகக் காத்திருக்கிறது, மாடு காத்திருக்குமா. டாக்டர் போய்ச் சேர்ந்திருப்பாரா. இந்த ஒரு மாட்டுக்கு நான் போன் செய்தேன், வேறு எங்கே எந்த மாடு கிடக்கிறதோ, இந்த நிமிஷம் யாருக்கு நலம் என்று போய்க்கொண்டிருக்கிறதோ, நோட்டில்தான் ஒன்றுமே ஏறவில்லையே, எனக்கு எப்படித் தெரியும். அந்த நினைப்பு வந்ததும் டீக்கடையில் எவன் என்ன சொல்வான் என்ற நினைப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. ஆறாவது புகார். மூன்று சொல். இசக்கிராஜ் என் தோளுக்குப் பின்னால் நிற்கிறான், அவன் மூச்சு விடுவது கேட்கிறது. ஐந்து வரியையும் தேர்ந்தெடுத்தேன், நீலமாக நிறம் மாறின. பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே என்று உதடு தானாகத் தொடங்குகிறது, இதற்கு எதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, எனக்குத் தெரிந்ததைத்தான் நான் சொல்ல முடியும், உம்முடைய சித்தம் செய்யப்படுவதாக, வெட்டினேன், பட்டியலின் உச்சி ஒரு கணம் வெறுமையாக இருந்தது, அந்த ஒரு கணம் எனக்கே பகீரென்றது. நோட்டுக்காரரை முதலில் நிறுத்தினேன், யார் வந்தாலும் முதலில் பெயரை எழுதிக்கொள்வோம், உபசரிப்பெல்லாம் அப்புறம். இரண்டாவதாக என் ஆளை நிறுத்தினேன், மிஸ்டு கால் என்றால் இவரிடம் வரட்டும். மூன்றாவதாகப் பிள்ளையாரை உட்கார வைத்தேன், அந்த ஐந்து வரியில் ஒரு புள்ளியைக்கூட மாற்றாமல், குறிப்போடு. அந்தக் குறிப்பு இப்போது பொய்யாகிவிட்டது, நகர்த்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டே நகர்ந்து உட்கார்ந்திருக்கிறார். மாற்றம் செய்தவர் பெயரும் காரணமும் எழுத ஒரு கட்டம் வரும், வழக்கமாகச் சிறு திருத்தம் என்று போட்டுவிட்டுப் போய்விடுவோம், நானும் அதைத்தான் அடித்தேன், அடித்துவிட்டு அழித்தேன். பிள்ளையாரை இரண்டு வரி கீழே நகர்த்தினேன், மிஸ்டு கால்கள் அவரிடமே நின்றுவிட்டதால், எமீமா. இசக்கிராஜ் அதைப் படித்தான், என் கையைத் தள்ளிவிட்டு எமீமாவுக்குப் பக்கத்தில் இசக்கிராஜ் என்று தன் பெயரையும் அடித்தான். ஏன்டா என்றேன். பாக்கும்போது நானும் பின்னாலதான நின்னேன் என்றான். சர்வரில் ஏற்றினோம். மணி பதினொன்று பன்னிரண்டு. சோதனைக்கென்று பதிந்து வைத்திருந்த அவன் போனை வாங்கி மிஸ்டு கால் கொடுத்தேன், ஒரு மணி அடித்து நின்றது, இரண்டு பேரும் அந்தச் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம், கீழே டயர் கடையில் காற்று அடிக்கிற மிஷின் உறுமுகிறது, நிற்கிறது, உறுமுகிறது. போன் நடுங்கியது. டாக்டர் வருகிறார். அவன் சத்தமாகப் படித்தான், டாக்டர் வருகிறார், அறையில் இருந்த ஆறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள், எந்த டாக்டர், யாருக்கு என்ன என்று ஒருத்தி பதறிக்கொண்டு எழுந்தாள், நான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு சிரித்தேன், அழுதேனோ, இரண்டும்தான். நோட்டைத் திறந்தால் வரி வரியாக வந்துகொண்டிருக்கிறது, பதினொன்று பதினைந்து, பதினொன்று பதினாறு, வல்லநாடு, மானூர், கங்கைகொண்டான், இத்தனை பேரும் இதற்கு முன்பும் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார்கள், நாங்கள்தான் ஒருவரும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பதினோரு வருஷம் கழித்து ஒரு வேலை என் கையில் முழுசாக ஓடுகிறது. ஓடுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது.

பன்னிரண்டு மணிக்கு ஆவுடையப்பன் சார் மேனேஜரைப் படி வரைக்கும் அனுப்பிவிட்டு வந்தார், வரும்போதே முகம் கனத்திருந்தது, அந்த வரியை எடுத்தாச்சா இசக்கி என்று கேட்டுக்கொண்டே வந்து என் திரைக்கு முன்னால் நின்றார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிவிட்டார். அவர் படிப்பதை நான் பார்க்கவில்லை. என் மேஜையில் காய்ந்துபோயிருந்த டீக்கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அது பம்பாய் மாதிரி இருந்தது, இல்லை, இலங்கை மாதிரி.

"நகட்டுனது யாரு?"

"நான்தான் சார்."

"ரெண்டு பேரும்தான் சார்" என்றான் இசக்கிராஜ்.

"நீ சும்மா இரு. நான் அவங்கட்ட கேக்கேன்." மறுபடி படித்தார். "நாலு நாளா வந்த எல்லாருக்கும் நலம்னா சொல்லிருக்காரு?"

"எல்லாருக்கும் சார். லாகின் இல்லாம வந்த எல்லாருக்கும்."

திரையில் அந்த ஐந்து வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே வந்தார். பிறகு, "இது நான் அடிச்சது. பத்து வருசமா எல்லா வேலையிலயும் இதே அஞ்சு வரியத்தான் அடிக்கேன். அடிச்சப்புறம் ஒருநாளும் திறந்து பாத்ததில்ல" என்றார், என்னிடம் சொன்ன மாதிரி இல்லை, தனக்கே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. கண்ணாடியை மறுபடி மேலே ஏற்றினார். "நகட்டும்போது கும்பிட்டியளா?"

"பரமண்டல ஜெபம் சொல்லிட்டு நகட்டினேன் சார். எனக்கு அதுதான் தெரியும்."

அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் வயிறு குலுங்கியது, இசக்கிராஜ் சிரிக்கலாமா கூடாதா என்று அவர் முகத்தையும் என் முகத்தையும் பார்த்தான், பிறகு அவனும் சிரித்தான். "ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு, அப்ப சர்வர் படுக்காது" என்றார் சார். "சரி. திங்கக்கிழமை வந்து மத்த ஏழு வேலையிலயும் பிள்ளையாரு என்ன பண்ணிட்டு இருக்காருன்னு நீங்கதான் பாக்கணும். இசக்கிய பாக்கச் சொன்னா பயந்துருவான்."

திங்கட்கிழமை என்றார். சனிக்கிழமைக்கு அடுத்து வரும் திங்கட்கிழமை. இதை உடனே யாரிடமாவது சொல்ல வேண்டும், வீட்டுக்குப் போன் போட வேண்டும், முதலில் அதுவா முக்கியம், சென்னைக் கம்பெனிக்கு மன்னிப்பு எழுத வேண்டும், நான்கு நாளில் நீங்கள் எங்களுக்கு அனுப்பிய நம்பர்களைத் தயவுசெய்து தாருங்கள், தவறு எங்களுடையது, கடுமையாக எழுதியதற்கு வருந்துகிறேன் என்று எழுதினேன், வருந்துகிறேன் என்ற சொல்லை அடிக்கும்போது நிஜமாகவே வருந்தினேன். பத்தே நிமிஷத்தில் தந்துவிட்டார்கள், ஒரு குத்தல் இல்லை, எண்பத்தாறு நம்பர், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டாகப் பிரித்துக்கொண்டு கூப்பிடத் தொடங்கியிருக்கிறோம், அறை முழுக்க மாடு எப்படி இருக்கு, ஆடு எப்படி இருக்கு என்ற சத்தம், கீழே டயர் கடைக்காரர் படியேறி வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆறாவது புகார்க்காரரை நான் எடுத்துக்கொண்டேன், அதை வேறு யாருக்கும் கொடுக்கவில்லை, அவர் ஒன்றும் திட்டவில்லை, அடுத்த மட்டமாவது வருவாகளா என்று மட்டும் கேட்டார், வருவார்கள் என்றேன், என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்டது. நோட்டை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். பன்னிரண்டு நாற்பதுக்கு ஒரு வரி ஏறியது. அந்த நம்பர் எனக்கு மனப்பாடம். பேச்சித்தாய். மறுபடியும் மிஸ்டு கால். ஏன், டாக்டர் போகவில்லையா, போய் ஒன்றும் செய்ய முடியவில்லையா, ஒத்தக் காலு மட்டும் வெளிய தெரியுது, தலைய காணோம், சிரித்துக்கொண்டிருந்தேனே இவ்வளவு நேரம், என்ன சிரிப்பு வேண்டியிருந்தது. இரண்டு தடவை நம்பரைத் தப்பாகச் சுற்றினேன். மூன்றாவது தடவை மணி அடித்தது.

"அம்மா, எமீமா பேசுறேன். டாக்டர் வரலையா?"

"வந்துட்டாவ தாயி. இங்கனதான் கை கழுவிட்டு நிக்காவ. நான் இப்பம் கால் குடுத்ததும் அவரு போனுக்கே மெசேசு வந்துட்டு, பேச்சித்தாய் வீட்டுக்குப் போகணுமாம்னு சொல்லிச் சிரிக்காவ."

"அப்புறம் ஏம்மா மறுபடி கூப்பிட்டீங்க?"

"காலையில இருந்து நீங்கதான நலம் நலம்னு சொன்னிய. நாங்க பதிலு சொல்ல வேண்டாமா?" பின்னால் ஏதோ ஒன்று மெலிதாக, புதிதாகக் கத்தியது. "கெடேரிக் கன்னு. தாயும் புள்ளையும் நலம்."